கொம்பையன் வெட்டிய வடிகால்

நண்டும் கொக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத் தாழ்நிலம் ஒன்றில் கொம்பையன் என்றொரு நண்டு இருந்தான். வடிகால் வெட்டுவது அவன் தொழில். எங்கே மழைத்தண்ணீர் தேங்கினாலும் எறும்பு முதல் உடும்பு வரை அவனைத்தான் தேடி வரும். நேராக வருவான், நேராக வெட்டுவான், நேராக வீடு போய்ச் சேருவான். அப்போது நண்டுகள் எல்லாமே நேராகத்தான் நடந்தன.

அந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. கடல் முனையில் தொடங்கி, வீட்டை நோக்கி மேலே மேலே வெட்டி வர வேண்டும். வீட்டுப் பக்கம் தொடங்கினால் தண்ணீர் கூடவே வந்து வெட்டுகிறவனை மூழ்கடித்துவிடும். அதனால் எந்த வேலைக்கும் கொம்பையன் முதலில் தூரமாய்ப் போயாக வேண்டும்.

அந்த வருஷம் வடிகால் அவன் சொந்த வீட்டுக்கே தேவைப்பட்டது. மேட்டடியில் அவர்கள் வளை. மனைவி வடிவு வயிறு நிறைய முட்டையோடு இருந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வளை வாசலுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. உள்ளே ஏறினால் முட்டை அத்தனையும் போச்சு.

"சீக்கிரம் வந்துருவியள்லா?" என்றாள் வடிவு.

"பத்து நாளு. பத்தாம் நாள் உன் முன்னால நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கொக்குதான் அவனுக்குக் கூட்டாளி. கடல் முனையில் அசையாமல் நிற்பது அதன் வேலை. சும்மா நிற்பதற்கு அதைவிட ஆள் ஏது? கொம்பையன் ஒரு முழம் வெட்டியதும் திரும்பிப் பார்ப்பான். கொக்கின் பாதம் தெரிந்தால் தண்ணீர் ஓடும் வாட்டம் சரி. பாதம் மறைந்தால் பள்ளம் அதிகம் என்று அர்த்தம். அப்புறம் வீட்டுத் தண்ணீர் கடலுக்குப் போகாது, கடல்தான் வீட்டுக்கு வரும்.

எட்டு நாள் ஒழுங்காகத்தான் பார்த்தான். ஆனால் மனசு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு வாய் சாப்பிட்டால் அவள் சாப்பிட்டாளோ என்று இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் தண்ணீர் வாசலுக்கு மூன்று விரல் வரை ஏறியிருக்குமோ என்று நெஞ்சு பதறும்.

ஒன்பதாம் நாள் வளையை நெருங்கியபோது அவள் குரலே கேட்டது. வயிற்று முட்டைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். "அழாதிய மக்கா, அந்தா உங்க அய்யா வாராக."

அதற்குப் பிறகு அவன் கொக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏல கொம்பையா! திரும்பிப் பாருல! என் பாதம் தெரியுதா?" கொக்கு தொண்டை கிழியக் கத்தியது.

"என் கைக்குத் தெரியும்ல! நீ பேசாம நில்லு!"

கைக்கு எங்கே தெரிந்தது? அவசரத்தில் அது ஆழமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் உச்சிவேளையில் கடைசி மண்கட்டி சரிந்தது. இவன் கொடுக்கும் அவள் கொடுக்கும் ஒன்றையொன்று தொட்டன. "என்னங்க, இப்படி மெலிஞ்சு போயிட்டிய?" என்றாள் வடிவு. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பத்து நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

காலடியில் தண்ணீர் அசைந்தது. கடலை நோக்கி அல்ல, வீட்டை நோக்கி. ஏற்றத்தில் பொங்கிய கடல் வடிகால் வழியாக ஏறி வந்து வளையை நிரப்பியது. கடல் இறங்கும் வற்றம் தொடங்கியதும் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு திரும்பியது. கொம்பையன் ஒரு கொடுக்கால் வளைச் சுவரில் நீண்டிருந்த வேரையும் மறு கொடுக்கால் வடிவையும் பிடித்தான். முட்டை சுமந்த உடம்பு, கனம் தாங்காமல் பிடி நழுவியது.

"வடிகால மூடிராதிய! இதே வழியா வருவேன்!" என்று கத்திக்கொண்டே போனாள்.

அவன் கடல் முனைக்கு ஓடினான். கொக்கு தலை குனிந்து நின்றது.

"பாத்தியா அவள?"

"கடலுக்குள்ள போயிட்டா. உன் பேரச் சொல்லிக்கிட்டேதான் போனா."

நான் அப்போதே சொன்னேனே என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடலைப் பார்த்தபடி காத்திருந்தான். கண்ணில் படாமல் வீட்டுக்குப் போய், தனியாக நிற்கிறாளோ என்று பயம் வந்தது. வீட்டுக்கு ஓடினான். பாதி வழியில், இப்போதுதான் கரையேறித் தேடுகிறாளோ என்று மறுபடி கடலுக்குத் திரும்பினான். எந்தப் பக்கம் முகத்தை வைத்தாலும் முதுகுப் பக்கம் அவள் வந்துவிடுவாள் போலிருந்தது. கண்கள் இரண்டையும் காம்பு நீட்டி உயர்த்தினான். வடிகாலுக்குக் குறுக்காக உடம்பைத் திருப்பி, ஒரு கண்ணை வீட்டின் மேலும் ஒரு கண்ணைக் கடலின் மேலும் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. அது போகிறதா வருகிறதா என்று நாம் சிரிக்கிறோம். வடிவு எந்தப் பக்கம் வந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்று அது நடக்கிறது.