கழுகின் முதுகு

முதலில் தவறு செய்தது கருமந்தித் தலைவர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கதையை மாற்றிச் சொல்லக் கூடாது.

உயர்ந்த மலை ஒன்றின் மேல் ஒரு சோலைக்காடு இருந்தது. அதைச் சுற்றிப் புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் செங்குத்தான பாறை. காட்டின் நடுவே இருந்த பெரிய நாவல் மரத்தில் செவலை என்கிற மலை அணில் வாழ்ந்து வந்தது.

செவலைக்கு வயதாகிவிட்டது. வாலில் பாதி மயிர் உதிர்ந்துவிட்டது. ஆனால் கண் மட்டும் தெளிவு. ஆபத்து வந்தால் கடகடவென்று கத்திக் காட்டை எச்சரிப்பது அதன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. தானாக எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் செவலை கத்தியது. "கருங்கழுகு! கருங்கழுகு! ஒளிந்துகொள்ளுங்கள்!"

காடே ஒளிந்தது. அத்திமரத்தில் இருந்த குரங்குத் தலைவர் மந்தியார் கை நிறையப் பறித்து வைத்திருந்த பழத்தைக் கீழே போட்டார். இலைக்கொத்துக்குள் தலையை நுழைத்தார். தலை மட்டும்தான் உள்ளே போயிற்று. உடம்பும் வாலும் வெளியே தொங்கின.

நெடுநேரம் ஆயிற்று. வானத்தில் ஒன்றும் வரவில்லை. மந்தியார் தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். கீழே விழுந்த பழத்தைக் காட்டுப்பன்றி தின்று முடித்து வாயை நக்கிக்கொண்டிருந்தது.

மந்தியாருக்கு வந்ததே கோபம்!

"ஓய் செவலை! எங்கே உன் கழுகு?"

"அப்போதே போய்விட்டதே! மர உச்சிக்கு ஒரு முழம் மேலே, மெதுவாக மிதந்து போனது."

"ஒரு முழமா! கழுகு என்றால் உயரத்தில் பறக்கும் என்று பால் குடிக்கிற குட்டிக்கும் தெரியும். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு முழத்தில் பறக்கிறதெல்லாம் கழுகா? நீ சரியான புளுகன்!"

இதைக் காதோடு சொல்லவில்லை. காட்டைக் கூட்டிச் சொன்னார். பன்றி கேட்டது. கொண்டைக்குருவிகள் கேட்டன. சதுப்பில் நின்ற ஆட்காட்டிப் பறவையும் கேட்டது. ஆட்காட்டி கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காதவர் யார்? மாலைக்குள் மலை முழுவதும் பறந்து, "புளுகன் செவலை! புளுகன் செவலை!" என்று கத்தித் தீர்த்துவிட்டது.

செவலை அத்திமரத்துக்கே போய் நின்றது.

"மந்தியாரே, அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்!"

"கழுகைக் காட்டு. எடுத்துக்கொள்கிறேன்!" என்றார் மந்தியார். "நாளையிலிருந்து மூன்று நாள் எல்லாரும் தேடுவோம். கண்ணில் படாவிட்டால், இந்த மலையில் கருங்கழுகே இல்லை என்று அறிவித்துவிடுவேன். அதற்குப் பிறகு நீ தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்!"

செவலை நாவல் மரத்துக்கு ஓடியது. காரணம், அதன் மகள். அவள் இரண்டு குட்டிகளோடு அதே மரத்தில், அடிக்கிளைப் பொந்தில் இருந்தாள்.

"அப்பா, போன வாரம் விடாமல் மழை பெய்தது. பொந்துக்குள் ஒரே ஈரம். குட்டிகள் நடுங்குகின்றன. கழுகு இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டால், வெயில் படுகிற உச்சிக்கிளையில் கூடு கட்டி அங்கே போய்விடுவேன்" என்றாள்.

"கட்டாதே! கழுகு இருக்கிறது. நான் பார்த்தேன்!"

"நீங்கள் பார்த்தீர்கள். வேறு யார் பார்த்தார்கள்?"

பெற்ற மகளே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? மறுநாள் செவலை தேடுகிற கூட்டத்தோடு கிளம்பியது.

அது என்ன கூட்டம் தெரியுமா! எல்லாருக்கும் முன்னால் ஆட்காட்டி. யாரைக் கண்டாலும் "யார் அது? யார் அது?" என்று அலறியது. அதற்குப் பின்னால் மந்தியார். அவர் வழியெல்லாம் கிளைகளை உலுக்கினார். அவருக்குப் பின்னால் பன்றிகள், புதர்களை மிதித்துத் துவைத்தபடி வந்தன. கடைசியில் செவலை.

"சத்தம் போடாமல் போனால் என்ன?" என்று செவலை கேட்டது.

"சத்தம் போட்டால்தானே பயந்து மேலே பறக்கும்! எல்லாரும் வானத்தையே பாருங்கள். கீழே பார்க்கிறவன் நாளைக்கு வரவேண்டாம்!" என்றார் மந்தியார்.

முதல் நாள் புல்வெளியில் தேடினார்கள். மிக உயரத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டது. எல்லாரும் ஆவலோடு பார்த்தார்கள். அது கீழே இறங்கியது. சாதாரணப் பருந்து.

"என்ன விசேஷம், இவ்வளவு பேர்?" என்று பருந்து கேட்டது.

"உன்னைத் தேடவில்லை. போ!" என்றார் மந்தியார்.

இரண்டாம் நாள் பாறைக்குப் போனார்கள். அதன் உச்சி விளிம்பில் ஒரு வரையாட்டுக் கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"கிடாவே! நீதான் மலையிலேயே உயரமான இடத்தில் இருக்கிறாய். கருங்கழுகைப் பார்த்ததுண்டா?" என்று மந்தியார் கேட்டார்.

"தினமும் பார்க்கிறேனே."

"எப்படி இருக்கும்?"

"முதுகு கறுப்பாக இருக்கும்."

"முதுகா! வயிற்றைச் சொல்!"

"வயிற்றை நான் பார்த்ததே இல்லை" என்றது கிடா. "எப்போதும் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்."

மந்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "கழுகின் முதுகு தெரிகிறதாம்! கழுகு மல்லாந்து பறக்கிறதா, இல்லை இந்த ஆடு தலைகீழாக நிற்கிறதா?"

பன்றிகளும் சிரித்தன. ஆட்காட்டி சிரித்த சிரிப்பு அடிவாரம் வரை கேட்டது.

"சிரிக்காதீர்கள்! கிடா சரியாகத்தானே சொல்கிறது!" என்று செவலை துள்ளியது. "இது பாறையின் மேலே இருக்கிறது. கழுகு அதற்குக் கீழே, மரத்தை ஒட்டிப் பறக்கிறது. அதனால்தான் முதுகு தெரிகிறது!"

"புளுகனுக்கு ஆடு சாட்சி!" என்றார் மந்தியார். கூட்டம் மறுபடியும் சிரித்தது. கிடா அசைபோடுவதைத் தொடர்ந்தது. அதற்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

மூன்றாம் நாள் உச்சிவேளை வரை காட்டுக்குள் சுற்றினார்கள். மேலேயே பார்த்துப் பார்த்து மந்தியாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நாவல் மரத்துக்கு எதிரே இருந்த மரத்தில், ஒரு கிளையில் மல்லாந்து படுத்தார்.

"போதும். இந்த மலையில் கருங்கழுகு இல்லை! ஆட்காட்டி, போய்ச் சொல்லிவிடு!"

"இன்னும் அரை நாள் பாக்கி இருக்கிறது!" என்றது செவலை.

"காலையிலேயே சொல்லிவிட்டேனே!" என்றது ஆட்காட்டி.

செவலை திடுக்கிட்டு நாவல் மரத்தைப் பார்த்தது. உச்சிக்கிளையில், நல்ல வெயிலில், பச்சை இலையும் சுள்ளியும் வைத்துக் கட்டிய புதுக் கூடு ஒன்று இருந்தது.

அந்த நேரத்தில் கொண்டைக்குருவிகள் சட்டென்று பேச்சை நிறுத்தின.

மரங்களுக்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், கருங்கழுகு வந்தது. சிறகை அடிக்கவே இல்லை. காற்றில் மிதந்து வந்தது. மந்தியாரின் மூக்கை நிழல் தடவிக்கொண்டு போயிற்று.

செவலை வாயைத் திறந்தது. "ஒளிந்துகொள்ளுங்கள்" என்றுதான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது முதலில் வந்துவிட்டது.

"பார்த்தீர்களா! நான் சொன்னேனா இல்லையா!"

அதைச் சொன்ன பிறகுதான் கூட்டின் நினைவு வந்தது. "ஐயோ, என் பேரக்குட்டிகள்!" என்று செவலை பாய்ந்தது. ஒரு கிளை, இரண்டு கிளை, மூன்று கிளை. கிழட்டுக் கால் எவ்வளவு தூரம் பாயும்? அதற்குள் கழுகு புதுக் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

"யாரைத் தேடுகிறீர்கள், இத்தனை பேர்?" என்று கழுகு கேட்டது.

"உ... உங்களைத்தான்" என்றார் மந்தியார். அவர் தலை இலைக்குள் இருந்தது. மீதி வெளியே இருந்தது.

"என்னையா! நான் இந்த மலையை விட்டு எங்கே போனேன்? மூன்று நாளாக உங்கள் பின்னால்தானே வந்துகொண்டிருக்கிறேன்! நீங்கள் மிதித்த புதரிலிருந்து எலி ஓடிவந்தது. நீங்கள் உலுக்கிய கிளையிலிருந்து குஞ்சு விழுந்தது. எனக்குத் தினமும் விருந்து! நாளைக்கும் தேட வருவீர்கள் அல்லவா?"

ஆட்காட்டிகூட வாயைத் திறக்கவில்லை.

கழுகு கூட்டை அப்படியே காலால் பற்றித் தூக்கிக்கொண்டு பறந்தது. போகும்போதும் ஒரு முழ உயரத்தில்தான் போயிற்று.

செவலை உச்சிக்கு வந்து, கூடு இருந்த வெறும் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அப்பா! எதற்கு அங்கே நிற்கிறீர்கள்? கீழே இறங்குங்கள்!"

அடிக்கிளைப் பொந்திலிருந்து மகள் தலையை நீட்டினாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிகள்.

"நீ... கூட்டில் இல்லையா?"

"தலைவர் இல்லை என்றார். நீங்கள் உண்டு என்றீர்கள். கூடு கட்டினேன். ஒரு நாள் காலியாக வைத்துப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்."

"அப்படியென்றால் என் பேச்சை நம்பினாய்!"

"பாதி நம்பினேன்" என்றாள் மகள்.

பாதி நம்பியதில் இரண்டு குட்டிகளும் முழுதாகப் பிழைத்தன. செவலைக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

ஆனால் இன்னொன்று இருக்கிறதே!

கழுகு கண்ணுக்கு மறைந்ததும் மந்தியார் தலையை வெளியே எடுத்தார். உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேளுங்கள்! மூன்று நாள் பாடுபட்டு, இந்த மலையில் கருங்கழுகு உண்டு என்பதை நாம் கண்டுபிடித்துவிட்டோம்!"

"தலைவர் கண்டுபிடித்தார்! தலைவர் கண்டுபிடித்தார்!" என்று கத்திக்கொண்டு ஆட்காட்டி பறந்தது.

"மந்தியாரே," என்றது செவலை, "அந்த வார்த்தை?"

"எந்த வார்த்தை?"

"புளுகன் என்றீர்களே, காட்டைக் கூட்டி!"

"அட, அதுவா!" மந்தியார் ஓர் அத்திப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்னவோ முணுமுணுத்தார். அது மன்னிப்பா, பழம் மெல்லுகிற சத்தமா என்று பக்கத்தில் இருந்த பன்றிக்கே விளங்கவில்லை.

இன்றைக்கும் செவலை நாவல் மரத்தில்தான் இருக்கிறது. அது கத்தினால் காடே ஒளிகிறது. முதலில் ஒளிகிறவர் மந்தியார். கழுகு போன பிறகு செவலை கிளையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த வார்த்தை?" என்று கேட்கிறது. மந்தியார் உடனே கழுத்தை நிமிர்த்தி, வானத்தில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பிக்கிறார்.

பார்க்கத் தெரியாதவன் பார்த்தவனைப் புளுகன் என்று எல்லாரையும் கூட்டிச் சொன்னால், எல்லாரையும் கூட்டித்தான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அதுவரைக்கும் அது கடன்தான்.