கடற்காகம் கேட்ட மேலங்கி

பறவைகளுக்கும் வாயில் வார்த்தை இருந்த காலம் அது. கடற்காகம் பேசும், கடல்நாய் பேசும். நண்டுகூடத் தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையைப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர் இருந்தது. மொத்தம் மூன்றே தெரு. அந்த மூன்று தெருவையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பல்கலைக்கழகம். அங்கே படிக்க வருகிறவன் இரண்டு பொருளோடு வர வேண்டும். ஒன்று, சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி. அது இல்லாதவன் வகுப்பு வாசலில் கால் வைக்க முடியாது. இன்னொன்று, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு. காலையும் மாலையும் அதைத்தான் உப்புப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பார்கள். நம் கேழ்வரகுக் கூழுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசியைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பாதிப் பருவத்தில் அந்த மூட்டை தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து யாராவது படகில் இன்னொரு மூட்டை கொண்டுவர வேண்டும். மூட்டை வராதவன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு நடக்க வேண்டியதுதான்.

ஊரை ஒட்டிக் கடலுக்குள் ஒரு நீளமான கற்சுவர் போகும். இரண்டு ஆள் சேர்ந்து நடக்கும் அகலம். படகுகள் அதன் முனையைச் சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் பாறை. அந்தக் கடலில் மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும், இறங்கினால் தன் கை தனக்கே தெரியாது. அந்த நேரத்தில் படகுகளுக்கு வழி சொல்கிற வேலையை ஸ்கோரி என்ற கடற்காகம் செய்துவந்தது. பனிக்குள் பறந்து போகும். இடது பக்கம் வா, கொஞ்சம் பொறு, இப்போது துடுப்பைப் போடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே படகைக் கரை சேர்த்துவிடும். யாரும் அதற்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. தானாகச் செய்தது.

ஸ்கோரிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வகுப்பறை ஜன்னல் கல்லில் உட்கார்ந்து பாடம் கேட்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருடம். உள்ளே தூங்கி வழிகிறவர்களைவிட அது லத்தீன் நன்றாகப் பேசும். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வகுப்பே விழித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து பதில் வரும். ஆசிரியர் காதில் விழாத மாதிரி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அதற்கும் ஸ்கோரி வருத்தப்பட்டதில்லை. அதன் மனதில் ஒரே ஒரு ஆசைதான். தனக்கும் ஒரு மேலங்கி வேண்டும்.

அந்த வருடம் முதல் வகுப்பில் மர்டோ என்று ஒருவன் சேர்ந்தான். வடக்கே ஒரு தீவுக்காரன். தாய் தகப்பன் இல்லாதவனை அக்கா கிர்ஸ்டிதான் வளர்த்தாள். அவள் நெய்த துணியில்தான் அவன் மேலங்கி, அவள் அறுத்த கதிரில்தான் அவன் மூட்டை. பையன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் தர்க்கம் என்றால் அவனுக்குக் கஞ்சிகூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் மாணவர்கள் எல்லாரும் கற்சுவரின் முனைக்கு நடந்துபோய் வாதம் செய்வது அங்கே வழக்கம். சேர்ந்த இரண்டு மாதத்தில் அந்த முனையில் அவனை எதிர்த்து வாய் திறக்க ஆளில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் மர்டோ மூட்டையை உதறிப் பார்த்ததில் ஒரு பிடி மாவுதான் விழுந்தது. அக்கா வருகிற நாள் அதுதான். இருபது மாணவர்களோடு அவன் முனையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கோரி வந்து எதிரிலிருந்த மரக்கம்பத்தில் உட்கார்ந்தது. பிறகு கேட்டுவிட்டது.

“பதினோரு வருடமாக நானும் பாடம் கேட்கிறேன். எனக்கும் ஒரு மேலங்கி தரச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்பீர்களா?”

எல்லாரும் மர்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, அவ்வளவுதான் செலவு. ஆனால் சுற்றி இருபது பேர் நிற்கிறார்களே, அவன் நாக்கு சும்மா இருக்குமா?

“மேலங்கி தோளில் போடுவது. பறவைக்குத் தோள் கிடையாது. ஆகவே பறவைக்கு மேலங்கியும் கிடையாது” என்றான்.

இருபது பேரும் சிரித்துக் கைதட்டினார்கள். சிறகு என்பது தோளிலிருந்துதான் தொடங்குகிறது என்று மர்டோவுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். ஸ்கோரி சிறகுகளை இன்னும் ஒடுக்கிக்கொண்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டது.

மூடுபனி இறங்கியது அப்போதுதான். வழக்கம்போலப் பறந்து போகச் சொல்லி யாரோ கேட்டார்கள். ஸ்கோரி அசையவில்லை. உடனே நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழி சொல்ல வேண்டியது பறவையின் கடமையா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்? இவர்கள் சுரைக்காயை இன்னும் எழுதிக்கொண்டிருந்தபோதே, பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. கூடவே கிர்ஸ்டியின் குரல். சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தம்பியைக் கேட்டாள்.

மர்டோ கத்தினான். இருபது பேரும் கத்தினார்கள். பனிக்குள் சத்தத்துக்குத் திசை ஏது? அது எல்லாப் பக்கமிருந்தும் வந்ததுபோல அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். துடுப்புச் சத்தம் மெல்ல மெல்லப் பாறைகளின் பக்கம் விலகிப் போனது.

மர்டோ இறகுப் பேனா சீவுகிற கத்தியை எடுத்தான். மேலங்கியைக் கழற்றி முதுகோடு இரண்டாகக் கிழித்தான். மேலங்கியைக் கிழித்தவனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை, அது எல்லாருக்கும் தெரியும். வாதம் செய்துகொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நின்றார்கள். அவன் ஒரு பாதியைக் கொண்டுபோய் ஸ்கோரியின் மேல் போர்த்தி, கழுத்துக் கயிற்றை முடிந்தான்.

“உனக்குத் தோள் இருக்கிறது. தெரிந்தேதான் பொய் சொன்னேன். நீ போனாலும் போகாவிட்டாலும் இது உன்னுடையது” என்றான்.

ஸ்கோரி குனிந்து அந்தத் துணியைப் பார்த்தது. பிறகு பனிக்குள் பாய்ந்தது.

முதலில் வார்த்தைகள் தெளிவாக வந்தன. கிர்ஸ்டி, இந்தப் பக்கம், கிர்ஸ்டி, என் குரலைப் பிடித்துக்கொண்டு வா. ஆனால் படகை நீரோட்டம் வெகுதூரம் இழுத்துவிட்டிருந்தது. கம்பளி நனைந்து கனத்தது. கயிறு தொண்டையை இறுக்கியது. கழற்றிப் போட்டுவிட்டு லேசாகப் பறந்திருக்கலாம். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்ததைக் கழற்ற அதற்கு மனம் வரவில்லை. மற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து கடைசியில் அவள் பெயர் மட்டும் மிஞ்சியது. முனையில் நின்ற இருபத்தொரு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். தாங்கள் ஒரு வார்த்தை பேசினாலும் படகு திசை தவறும் என்று அவர்களுக்கு இப்போது புரிந்திருந்தது. மதியம் தாண்டும்வரை அந்தச் சுவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு தெரிந்தது.

கிர்ஸ்டியின் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்துப் போயிருந்தன. மூட்டை நனையாமல் இருந்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “யார் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது? பெற்றவள் கூப்பிட்ட மாதிரி இருந்தது” என்பதுதான்.

மர்டோ கம்பத்தைக் காட்டினான். நனைந்த அரை மேலங்கியோடு ஸ்கோரி உட்கார்ந்திருந்தது. தொண்டை புண்ணாகி, மஞ்சள் அலகின் கீழ்ப்பக்கம் இரத்தம் கசிந்து பொட்டு வைத்ததுபோல நின்றிருந்தது. கூப்பிட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தது. கீயா, கீயா என்று ஒரு கத்தல்தான் வந்தது. மறுபடி முயன்றது. மறுபடியும் அதுவேதான். பதினோரு வருட லத்தீன், பாடங்கள், ஜன்னலிலிருந்து சொன்ன பதில்கள் எல்லாம் அந்தப் பனியோடு போய்விட்டன. மர்டோ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

மறுநாள் அவன் பாதி மேலங்கியோடு ஆசிரியர்கள் முன்னால் போய் நின்றான். தர்க்கம் ஒன்றும் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னான், தன்னை வெளியே அனுப்பினாலும் ஸ்கோரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டான். ஜன்னலிலிருந்து பதில் வரும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டிய அந்த ஆசிரியர்தான் முதலில் எழுந்தார். மாணவர் பதிவேட்டைத் திறந்து ஸ்கோரியின் பெயரை எழுதினார். மர்டோவின் பெயரை அடிக்கவில்லை.

சாம்பல் துணி பனியில் யார் கண்ணுக்கும் தெரியாது என்று சொல்லி, கிர்ஸ்டி ஊருக்குத் திரும்புமுன் தம்பியின் பாதி அங்கியைச் சாயத்தில் முக்கினாள். அலகின் பொட்டு என்ன நிறமோ அந்தச் சிவப்பு. அதைப் பார்த்து மற்ற இருபது பேரும் தங்கள் அங்கியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வரிசையில் நின்றார்கள். அடுத்த வசந்தத்தில் பொரிந்த ஸ்கோரியின் குஞ்சுகள் தாயிடம் கற்றுக்கொண்டது அந்தக் கத்தலை மட்டும்தான். அலகில் அந்தப் பொட்டோடுதான் அவை வளர்ந்தன.

கடற்காகத்தின் அலகில் சிவப்புப் பொட்டு வந்ததும், அது பேச்சில்லாமல் யாரையோ கூப்பிட்டபடியே அலைவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். அந்த ஊர் மாணவர்கள் இன்றும் சிவப்பு அங்கியோடு வாரந்தோறும் கற்சுவரின் முனைவரை நடக்கிறார்கள், அங்கே போனதும் ஒருவரும் பேசுவதில்லை. அங்கியை ஒரு தோளில்தான் போட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு தோள் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பாதியை ஒரு மூத்த மாணவர் போட்டிருக்கிறார் என்று சொல்லி மேலே பார்க்கிறார்கள்.