ஜரிகை நூலில் ஒரு பெயர்

சென்னிமலை அடிவாரத்தில் வேலாத்தாள் அம்மா இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இராது. பெரிய மனிதர்கள் எல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பாதிக் கேள்விக்கு அவர் பதிலே சொல்வதில்லை. மீதிப் பேரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்.

சென்னியப்பன் அவருடைய சீடர். வயது ஐம்பத்தெட்டு. திருப்பூரில் குழந்தைத் துணி கம்பெனி வைத்திருப்பவர். சீடரானாலும் முதலாளிதானே, வந்ததும் கண் நாற்காலியைத்தான் தேடும்.

அந்த வியாழக்கிழமை மகள் தாரணியையும் ஐந்து மாதப் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். குழந்தை வாசலிலிருந்தே வீறிட்டு அழுதுகொண்டு வந்தது. அடுப்படியில் சாந்தாக்கா கத்திரிக்காய்க் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். தாரணி வாசனை வந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு கேள்விங்கம்மா” என்றார் சென்னியப்பன். “இந்தப் பச்சை மண்ணு என்ன பாவம் பண்ணுச்சுங்க? போன ஜென்மத்து வினைங்களா?”

“என்ன ஆச்சு?”

குழந்தையின் பிடரியைக் காட்டினார். செக்கச்செவேலென்று தடித்து, நடுவில் பொரிப்பொரியாக இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“ரெண்டு மாசமா இதே கூத்துங்க. மல்லாக்கப் போட்டா அழுகை. டாக்டரு களிம்பு குடுத்தாரு. ஆறுது, மறுபடி வந்துருது.”

“டாக்டர் என்ன கேட்டார்?”

“துணி ஏதாச்சும் உறுத்துதான்னு கேட்டாருங்க. நல்லாக் கேட்டாரு போங்க! நம்ம கம்பெனித் துணிங்க டாக்டர், பூவாட்டம் இருக்கும்னேன். அதோட அந்தப் பேச்சை விட்டுட்டாரு.”

“அப்பறம் நீங்களா என்ன முடிவு பண்ணுனீங்க?”

“பாலுதானுங்க. பொறந்து மூணு மாசம் வரைக்கும் ஒண்ணுமில்லை. மூணு முடிஞ்சதும் இவளுக்குப் பத்தியத்தை விட்டோம். அந்த வாரமே வந்துருச்சு. கத்திரிக்காயை நிறுத்துனோம். நிலக்கடலை, மீன், முட்டை எல்லாத்தையும் நிறுத்துனோம். இப்ப வெறும் ரசஞ்சோறுதான். அப்படியும் கேக்கலீங்க. திங்கக்கிழமையில இருந்து தாய்ப்பாலையே நிறுத்திட்டு டின் பாலுக்குப் போயிரலாம்னு இருக்கறோம். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டீங்கன்னா...”

 தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் பாலே பிள்ளைக்கு ஆகவில்லை என்று வீட்டில் அத்தனை பேரும் சொன்னால் பெற்றவள் என்னதான் செய்வாள்?

அம்மா அவளைப் பார்த்துக் கேட்டார். “ஏங்கண்ணு, மூணு மாசம் வரைக்கும் பாப்பாவுக்கு என்ன போட்டே?”

“பழந்துணிதானுங்க. அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுச் சுத்தி வெச்சிருந்தோம். பச்சைக் குழந்தைக்குப் புதுசு ஆகாதுன்னு எங்கம்மா சொன்னாங்க.”

“அப்பறம்?”

“மூணு முடிஞ்சதும் அப்பா கம்பெனியில இருந்து ஒரு பெட்டி நிறையப் புதுச் சட்டை கொண்டு வந்தாருங்க.”

அம்மா குழந்தையை வாங்கிச் சட்டையைக் கழற்றினார். தம்முடைய பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்றில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டார். குழந்தை கொஞ்ச நேரம் விக்கியது. பிறகு விரலைச் சூப்பியது. பிறகு மல்லாந்தபடியே தூங்கிப்போனது.

சென்னியப்பன் பதறி எழுந்து காலில் விழப் போனார். “ஐயோ, என்ன மகிமைங்கம்மா!”

“மகிமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உக்காருங்க.”

கழற்றிய சட்டையை அம்மா அவருடைய காலருக்குள், பிடரியை ஒட்டிச் செருகினார். “நான் கீரை ஆய்ஞ்சு முடிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது.”

சென்னியப்பன் கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ பெரிய தீட்சை என்றே நினைத்துக்கொண்டார். அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கீரை ஆய்ந்தார். ஒரு கட்டு முடிந்தபோது சென்னியப்பன் தோளைக் குலுக்கினார். அடுத்த கட்டுப் பாதியில் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். வேர்வை வேறு சேர்ந்துகொண்டது. கடைசியில் மனுஷன் கை தானாகப் பிடரிக்குப் போய்ப் பரபரவென்று சொறிந்தது.

“என்னங்க?” என்றார் அம்மா.

“அரிக்குதுங்கம்மா. முள்ளு மாதிரி ஏதோ குத்துது.”

“அப்படீங்களா? காத்தால கத்திரிக்காய் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் சாந்தாக்காவும் சிரித்தார்.

சென்னியப்பன் சட்டையை உருவி, திருப்பிப் பார்த்தார். துணி பூவாட்டம்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. உள்கழுத்தில் ஒரு லேபிள். கட்டிங் மாஸ்டர் சின்னதாகப் போதும் என்றுதான் சொன்னார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அதை இரண்டு விரல் அகலத்துக்கு, ஜரிகை நூலில் நெய்யச் சொன்னவர் சென்னியப்பன். ‘சென்னியப்பன்: பூவிலும் மென்மை’ என்று மின்னியது. விரலால் தடவினார். அந்த ஓரம் விரலிலேயே குத்தியது.

 மகளை நிமிர்ந்து பார்க்காமலே போனை எடுத்தார்.

“மாஸ்டர், லேபிள் வெச்சு ஒரு பீஸ்கூட வெளிய போகக் கூடாது. எல்லாத்தையும் பிரிச்சிருங்க. கடைக்குப் போனதையும் திருப்பி வரச் சொல்லுங்க. என்னது? பேரா? பேரு பெட்டி மேல இருந்தாப் போதும் போங்க.”

போனை வைத்துவிட்டு அம்மா முன்னால் கை கூப்பினார். 

“பாவம் பண்ணுனது குழந்தை இல்லீங்கம்மா, நாந்தான். இதுக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க. பழனிக்கு நடக்கறேன். பெரிய பந்தலாப் போட்டு, என் பேர்ல ஆயிரம் பேருக்கு அன்னதானம் பண்றேன்.”

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினார். “சாந்தாக்கா, குழம்பு ஆச்சுங்களா?”

“இறக்கியாச்சு.”

அம்மா பக்கத்தில் இருந்த வாழை இலையில் ஒன்றை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

“ஆயிரம் பேரு கெடக்கட்டும். உங்க மக கத்திரிக்காய் தின்னு ரெண்டு மாசமாச்சு. போய் அவளுக்குப் போடுங்க.”