இடது காலுக்கு ஒரு கார்

கோவை ஷோரூமில் நின்ற ஆட்டோமேட்டிக் பெட்ரோல் காரில் கிளட்ச் இல்லாத இடத்தையே டிரைவர் குழந்தைசாமி ஏக்கமாகப் பார்த்தார். இருபது வருஷம் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் தேய்ந்திருந்தது. கூட வந்திருந்த மில் முதலாளிக்கோ டீசல்தான் வேண்டும்.

“இந்த மாடல் டீசல்ல ஆட்டோமேட்டிக் வராதுங்களா?” குழந்தைசாமி கேட்டார்.

ஷோரூம் மேனேஜர் இளப்பமாகச் சிரித்தார். “வாங்கறவங்க யாரும் கேக்கறதில்லப்பா. கேட்டாத்தானே கம்பெனி செய்யும்?”

“சரிதானுங்க” என்ற குழந்தைசாமி, டீசல் வண்டிச் சாவியை வாங்கி முதலாளியிடம் நீட்டினார். “வாங்கறது நீங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க.”

காந்திபுரம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிய முதலாளி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “ஏனுங்க, இதுல ஆட்டோமேட்டிக் இல்லையா?”

குழந்தைசாமி மேனேஜரிடம் திரும்பினார். “வாங்கறவரே கேட்டுட்டாருங்க. எழுதிக்குங்க.”

பழைய காரில் திரும்பும்போது முதலாளி முதன்முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் குழந்தைசாமியின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.