எதிர்வீட்டு ஸ்பீக்கர்

"அம்மா, வீட்டுல பாட்டு கேக்க எந்தப் பெட்டி நல்லது? ஒரே ஸ்பீக்கர் வச்சதா, மூணு வச்சதா?"

கேட்டவர் தணிகாசலம். வேதவல்லியிடம் இசை கேட்கப் பழகுகிறவர்களில் மூத்தவர். வயதில் ஆசிரியரைவிடவும் மூத்தவர்.

"உங்ககிட்ட எது இருக்கு?" என்றார் வேதவல்லி.

"ஒண்ணு வச்சது."

"மூணு வச்சது யார்கிட்ட இருக்கு?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"எதிர்வீட்டுப் பொன்னுரங்கத்துகிட்ட."

பொன்னுரங்கமும் வேதவல்லியிடம் வருகிறவர்தான்.

"என்னோடதுல பாடறவங்க பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கும்மா. ஆனா மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டற மாதிரி கேக்கும். அவன்கிட்ட கனத்த சத்தத்துக்குத் தனி, குரலுக்குத் தனி, ஜால்ராவுக்குத் தனி. மிருதங்கத்தோட இடது பக்கம் அடிச்சா நெஞ்சுல வந்து விழுது. ஞாயித்துக்கிழமையானா தெருவே அங்கதான் உக்காந்திருக்கு. போன வாரம் நீங்களும்..."

மீதியை விழுங்கிக்கொண்டார்.

"மாத்திக்குங்க," என்றார் வேதவல்லி. "அவரோடது உங்க வீட்டுல. உங்களோடது அவர் வீட்டுல. அமாவாசை வரைக்கும்."

பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இருவரும் சேர்ந்தே பெட்டிகளைத் தூக்கி மாற்றினார்கள்.

அன்று மிருதங்கம் சுவரை அதிர வைத்தது. தணிகாசலம் வாசல் சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெரு வழக்கம்போல எதிர்வீட்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் அங்கிருந்து ஒரு பெண்குரல் பாடுவது கேட்டது. தணிகாசலம் தன் வீட்டுப் பாட்டை நிறுத்தினார். செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து, பொன்னுரங்கத்தின் மதிலோரம் போய் நின்றார்.

மிருதங்கம் அட்டைப்பெட்டிதான். சந்தேகமே இல்லை, அவருடைய பெட்டிதான்.

ஆனால் அந்தக் குரல்! அடுத்த வரிக்கு அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் வேதவல்லியின் முன் போய் நின்றார்.

"என் பெட்டியை அவன் என்னமோ பண்ணிட்டான்மா."

"என்ன பண்ணினார்?"

"தெரியல. என்கிட்ட இருந்தப்ப அது ஒருநாளும் அப்படிப் பாடினதில்ல. திருப்பி வாங்கிக் குடுத்துடுங்க."

"எங்க இருந்து கேட்டீங்க?"

"மதிலோரம் நின்னு."

"எதுவரைக்கும்?"

"பாட்டு முடியற வரைக்கும். கால்ல எறும்பு ஏறிக் கடிச்சிருக்கு, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்."

"உங்க வீட்டுல இருந்தப்ப எதுவரைக்கும் கேப்பீங்க?"

"அப்பவா? பாதியில நிறுத்திடுவேன்."

"ஏன்?"

"அவன் வீட்டுல என்ன ஓடுதுன்னு கேக்க..."