ஈஸ்ட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி

கோணமூலை என்ற ஊரின் பெயர்ப்பலகை ஊரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். வெளியூர்க்காரன் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வான், உள்ளூர்க்காரனுக்கு மறந்துபோனால் யாரைப் போய்க் கேட்பான் என்று யோசித்து நட்டது அது. யோசித்தவன் வைகுண்டம். ஊரிலேயே மூளை அவனுக்குத்தான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவனும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

வைகுண்டத்துக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் பிச்சாண்டி. அழுவான். வெங்காயம் உரித்தாலும் அழுவான், உரிக்க வெங்காயம் இல்லையென்றாலும் அழுவான். இன்னொருவன் எசக்கிராஜ். அவன் காதலித்தான். முழுநேரமும் அதுதான் வேலை.

காதலிக்கப்பட்டவள் உலகம்மாள். அவளுடைய அப்பா தளவாய், கப்பலில் சமையல்காரராக இருந்து உலகத்துத் துறைமுகமெல்லாம் சுற்றியவர். ஊர் திரும்பியதில் அவருக்கு இருந்த ஒரே துக்கம் பீர். கோணமூலையில் அவரவர் வீட்டில் அவரவர் குடிக்கக் காய்ச்சிக்கொள்ளத் தடையில்லை. காய்ச்சத் தெரிந்த ஆள்தான் இல்லை. தளவாய்க்குத் தெரியும், ஆனால் ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவர், இனி கரண்டியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

எசக்கிராஜ் பெண் கேட்கப் போனான்.

"மாமா..."

"மாமான்னு சொல்லாதலே! வாயில வைக்கிற மாதிரி ஒரு டம்ளர் பீர் காய்ச்சிக் கொண்டா. பொண்ணைத் தாரேன், அப்ப மாமா. அதுவரைக்கும் அண்ணாச்சி."

உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல் வந்தது: "எப்பா, மாப்பிள்ளையை நான் முடிவு பண்ணியாச்சு. நீங்க பீரை மட்டும் முடிவு பண்ணுங்க!"

தளவாய் எல்லாச் சாமானையும் அவரே கொடுத்தார். முளைகட்டி வறுத்த பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஒரு பாக்கெட் ஈஸ்ட், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம். மூடியில் ஒரு வளைந்த குழாய், குழாயில் கொஞ்சம் தண்ணீர்.

"பார்லியையும் பூவையும் கஷாயமா காய்ச்சணும். பொறவு ஈஸ்ட்டைப் போடணும். ஈஸ்ட் உசிருள்ள சாமான்லே. பச்சைப்பிள்ளை மாதிரி பாத்துக்கணும். அது வேலை செஞ்சா இந்தக் குழாயில குளுக் குளுக்குனு குமிழி வரும்."

அன்று சாயங்காலம் கஷாயம் தளதளவென்று கொதித்தது. மூவரும் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பச்சைப்பிள்ளையை என்ன தண்ணியில குளிப்பாட்டுவாங்க?" என்றான் வைகுண்டம்.

"வெந்நீர்ல," என்றான் எசக்கிராஜ்.

"பச்சைத் தண்ணி பட்டா சளி பிடிக்கும்," என்று பிச்சாண்டி அப்போதே அழத் தயாரானான்.

கொதிக்கிற கஷாயத்தில் ஈஸ்ட்டைப் போட்டு, பதமாகக் கிண்டி, டிரம்மில் ஊற்றி மூடினார்கள். குளுக் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தளவாய் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"ஈஸ்ட் செத்துப்போச்சுலே."

மூவரும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள்.

"எத்தனை பேரு அண்ணாச்சி?" என்றான் வைகுண்டம்.

"ஒரு பாக்கெட்னா கோடிக்கணக்குல இருக்கும்."

அவ்வளவுதான். பிச்சாண்டி தரையில் விழுந்து புரண்டான். கோடிக்கணக்கில் சாவு அந்த ஊரில் அதற்கு முன் விழுந்ததே இல்லை. பொழுது சாய்வதற்குள் பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் ஏறிவிட்டது: மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் மாலை போட்ட ஈஸ்ட் பாக்கெட்டின் படம். துக்கம் கேட்க வந்தவர்கள் வயசு கேட்டார்கள். வைகுண்டம் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்து, "ஏழு மாசம்," என்றான். ஊரே வாயில் துணியை வைத்துக்கொண்டது.

கொட்டு முழங்க ஊர்வலமாகப் போய்க் கஷாயத்தைக் குளத்தில் கரைத்தார்கள். கரைக்கும்போது வைகுண்டம் படியில் வழுக்கிக் குளத்துக்குள் விழுந்தான். துக்கத்தில் விழுந்தான் என்று எல்லோரும் மதிப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

தளவாய் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் பார்லியும் பூவும், இரண்டாவது பாக்கெட்டும் கொடுத்தார். கூடவே ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்தார்.

"கஷாயம் நல்லா ஆறுன பொறவு போடு. இந்த முள்ளு இருபதைத் தாண்டக் கூடாது. பீர்ல படுற எதையும் சுடுதண்ணியில கழுவாம விடக் கூடாது. கழுவாதது ஒண்ணு பட்டாலும் புளிச்சிரும்."

மூவரும் கரண்டியைக் கழுவினார்கள்.

"கரண்டியில பட்டது எது?" என்றான் வைகுண்டம்.

"என் கை," என்றான் எசக்கிராஜ்.

"விடு சுடுதண்ணிக்குள்ள."

"ஐயோ! ஐயையோ!"

"கைக்கு முன்னாடி எதைத் தொட்டே?"

"கதவை."

கதவைக் கழுவினார்கள். கதவுக்கு முன்னால் சைக்கிள், சைக்கிளுக்கு முன்னால் டீக்கடை பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தபால்காரர், தபால்காரரின் பை, கோயில் மணி, அந்தப் பக்கம் போன ஓர் ஆடு. மத்தியானத்துக்குள் பாதி ஊர் ஆவி பறக்க நின்றது.

"இன்னும் எதையாவது தொட்டியாலே? நல்லா யோசிச்சுச் சொல்லு. இது பீர் விஷயம்."

எசக்கிராஜ் தரையைப் பார்த்தான். கால் கட்டைவிரலால் கோலம் போட்டான்.

"உலகம்மா கையை."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

வைகுண்டம் சுடுதண்ணிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே தளவாய் வீட்டுக்குப் போனான். "தங்கச்சி, ரெண்டு கையையும் நீட்டு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த தளவாய் நிமிர்ந்தார். "எதுக்குவே?"

"எசக்கி தொட்டிருக்கான் அண்ணாச்சி. கிருமி இருக்கும்."

தளவாய் செருப்புக்கூடப் போடாமல் டிரம் இருந்த கொட்டகைக்கு ஓடிவந்தார். அப்போதுதான் மற்ற இருவரும் ஆறிய கஷாயத்தில் ஈஸ்ட்டைப் போட்டு டிரம்மை மூடியிருந்தார்கள்.

"முட்டாப்பயலுவளா! பொண்ணும் கிடையாது, மண்ணும் கிடையாது!" என்று கத்தி, டிரம்மை ஓங்கி ஓர் உதை விட்டார்.

குளுக்.

"பிள்ளை பேசுது!" என்று பிச்சாண்டி ஆனந்தத்தில் அழுதான். தளவாய் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போனார்.

அடுத்த தொல்லை தெர்மாமீட்டர். டிரம் இருந்த கொட்டகையில் அதன் முள் முப்பதுக்கு மேலேயே நின்றது. மூவரும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

"பாவம், அதுக்கு வேர்க்குது," என்றான் வைகுண்டம். "முள்ளு தாண்டக் கூடாதுன்னுதானே சொன்னாரு? கொண்டுபோய் டீக்கடை பிரிட்ஜுல வை."

வைத்தார்கள். முள் சமர்த்தாக இறங்கியது. அதன்பிறகு மூவரும் டீக்கடையிலேயே குடியிருந்து, பிரிட்ஜைத் திறந்து பார்ப்பதும், "தாண்டலை" என்று சந்தோஷப்படுவதுமாக இருந்தார்கள்.

இதற்கு நடுவில் துக்கமும் இருந்தது அல்லவா? காரியம் முடிகிறவரை காலையும் மாலையும் குளத்தில் முங்க வேண்டும். துக்க வீட்டு வேட்டியை வெயிலில் காயப்போடக் கூடாது என்றான் வைகுண்டம். ஏன் என்று கேட்க அங்கே யாருக்கும் மூளை கிடையாது. ஈர வேட்டிகளை எல்லாம் கொட்டகைக்குள் டிரம்மின் மேலேயே சுற்றி வைத்தார்கள். காற்று பட்டுப் பட்டு டிரம் மண்பானைபோல ஜில்லென்று கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பிரிட்ஜைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

குளுக் சத்தம் நின்று, பீர் தெளிந்ததும், தெர்மாமீட்டரைத் திருப்பி வாங்க வந்தார் தளவாய். வாசல் வரைக்கும் கோபமாகத்தான் வந்தார். வாசலில் வாசனை வந்தது.

ஒரு டம்ளர் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு டம்ளர் குடித்தார். கண்ணோரம் நீர் திரண்டது. துணைக்குப் பிச்சாண்டியும் அழுதான்.

"எப்படிலே செஞ்சீங்க?"

"நீங்க சொன்னபடிதான் அண்ணாச்சி," என்றான் எசக்கிராஜ்.

"இனிமே மாமான்னு சொல்லுலே!"

அன்றைக்கே ஊரைக் கூப்பிட்டுக் கொண்டாடி டிரம்மைக் காலி செய்தார்கள். கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு தளவாய் சொன்னார்: "கல்யாணத்துக்கும் இதே பீர்தான். போன தடவை என்னென்ன செஞ்சீங்களோ அதையேதான் செய்யணும். இம்மி மாறுனாலும் கல்யாணம் கிடையாது."

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புதிதாக இரண்டு பாக்கெட் வாங்கினார்கள். ஒன்று சாவதற்கு. கொதிக்கக் கொதிக்கக் கஷாயத்தில் போட்டுவிட்டு, "ஐயோ, போயிட்டீங்களே!" என்று பிச்சாண்டி விழுந்து புரண்டான். பிளக்ஸ் ஏறியது, கொட்டு வந்தது. குளத்துப் படியில் வைகுண்டம் விழுந்தான்.

"போன தடவை இடப்பக்கம்லா விழுந்தே?" என்றான் எசக்கிராஜ்.

வைகுண்டம் நீந்திக் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு, முறையாக இடப்பக்கம் விழுந்தான்.

கதவு, சைக்கிள், பெஞ்சு, தபால்காரர் எல்லாம் ஆயிற்று. பழைய ஆட்டை விற்றுவிட்டார்கள் என்று பக்கத்து ஊருக்குப் போய் அதே ஆட்டை இரவல் வாங்கி வந்து கழுவினார்கள். எசக்கிராஜ் உலகம்மாளின் இரண்டு கையையும் தொட்டான். இதில் மட்டும் யாரும் ஞாபகப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

கெட்டிலோடு வைகுண்டம் போனபோது தளவாய் சிரித்தார். "கழுவுவே, நல்லா கழுவு."

வைகுண்டத்துக்கு வேர்த்துவிட்டது. "அண்ணாச்சி, திட்டணும்."

"நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல எதுக்குவே திட்டணும்?"

"திட்டி, டிரம்மை உதைக்கணும். இல்லைன்னா பிள்ளை பேசாது."

"மாட்டேன்."

"மாமா, உங்க காலைப் பிடிக்கேன், ஒரே ஒரு தடவை!" என்று எசக்கிராஜ் காலைப் பிடித்தான். பிச்சாண்டி இன்னொரு காலைப் பிடித்து அழுதான். அப்படியே அவரைக் கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். வழியெல்லாம், "அண்ணாச்சி திட்டுங்க, அண்ணாச்சி திட்டுங்க," என்று வைகுண்டம் காதுக்குள் ஓதிக்கொண்டே வந்தான். டிரம்முக்குப் பக்கத்தில் வந்ததும் தளவாய் வெடித்தார்.

"முட்டாப்பயலுவளா! பொண்ணும் கிடையாது, மண்ணும் கிடையாது!"

உதை. குளுக்.

"ஒரு எழுத்து மாறலை!" மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"லேய், நெசமாத்தான் சொல்லுதேன்! கல்யாணம் கிடையாது!"

"அது போதும் அண்ணாச்சி," என்றான் வைகுண்டம் பணிவாக. "கூடச் சொன்னா கசந்திரும்."

பீர் அதேபோல வந்தது. தளவாய் அதேபோல அழுதார், பெண்ணைத் தருகிறேன் என்றார். போன தடவை அன்றைக்கே டிரம்மைக் காலி செய்தோம் என்பது வைகுண்டத்துக்கு நல்ல ஞாபகம். காலி செய்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை. மறுபடி காய்ச்ச வேண்டியதாயிற்று.

மூன்றாவது தடவை, தளவாய் "பொண்ணும் கிடையாது" என்று கத்திய அந்த நிமிஷத்தில் உலகம்மாள் கொட்டகைக்குள் வந்தாள். கழுவிய கையில் ஈரம் சொட்டியது. மடியில் முடிந்திருந்த தாலியை எடுத்து எசக்கிராஜிடம் நீட்டினாள்.

"எப்பா, நீங்க கத்துங்க. நான் காத்துக்கிட்டு நிக்க முடியாது. கட்டும்வே!"

சாவுக்கு வந்த கொட்டுக்காரர்கள் இன்னும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. கெட்டி மேளமும் அவர்களே அடித்தார்கள்.

என்ன ராசியோ, அந்தத் தடவை பீர் முன்னெப்போதையும்விட அபாரமாக வந்துவிட்டது. தளவாய் டம்ளரை வைத்துவிட்டு, "இனி என்னைக்கும் இதே பக்குவந்தான்," என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து கோணமூலையில் பீர் காய்ச்ச ஒரு சாவும் ஒரு கல்யாணமும் வேண்டும். எசக்கிராஜ் ஒவ்வொரு டிரம்முக்கும் உலகம்மாள் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டு விசேஷத்துக்கும் சேர்த்து ஒரே பிளக்ஸ்தான். போன டிரம்முக்குப் பிளக்ஸ்காரன் அவசரத்தில் படங்களை மாற்றி ஒட்டிவிட்டான். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே எசக்கிராஜ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். உலகம்மாள் பக்கத்தில், மணமகன் என்ற இடத்தில், ஈஸ்ட் பாக்கெட்.

அந்தப் பிளக்ஸ் ஏறிய டிரம்மின் பீரைப்போல ஒரு பீர் தளவாய் எந்தத் துறைமுகத்திலும் குடித்ததில்லையாம். அதனால் இனி எல்லாம் அந்தப் பிளக்ஸில் உள்ளபடிதான், எதையும் மாற்றுவதற்கில்லை என்று வைகுண்டம் சொல்லிவிட்டான். அடுத்த டிரம்முக்கு ஈஸ்ட் பாக்கெட்டுக்குப் பட்டு வேட்டி அளவெடுத்தாயிற்று. எசக்கிராஜைக் குளத்தில் கரைப்பதற்குத்தான் கொஞ்சம் பெரிய படித்துறையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இடப்பக்கம் விழ அவனும் பழகிக்கொண்டிருக்கிறான்.