ராசாவுக்கு ஒரு பானை, வழிப்போக்கருக்கு ஒரு பானை

ரெண்டு ஊருக்கு நடுவுல, நிழலே இல்லாத பொட்டக்காட்டுல, அன்னமுத்துன்னு ஒருத்தன் சோத்துக்கடை வச்சிருந்தானாம். அந்தப் பக்கம் வேற அடுப்பே கிடையாது. சந்தைக்குப் போறவன், சாமி கும்பிடப் போறவன், பொண்ணு பாக்கப் போறவன், எல்லாரும் அவன் கடையிலதான் கைநனைக்கணும். அந்தத் திமிருல என்ன செய்வான் தெரியுமா? முந்தாநாள் குழம்புல நேத்துக் குழம்பை ஊத்துவான், அதுல இன்னைக்குப் புளியைக் கரைச்சு விடுவான், வாடை தெரியாம இருக்க மேல பெருங்காயத்தை அள்ளிப் போடுவான். கேட்டா, "வழியில போறவன் நாளைக்கு எந்த ஊர்லயோ! திரும்பி வந்து கேக்கவா போறான்?"ம்பான். கேட்டியா அந்தப் பாவி பேச்சை!

ஒருநாள் வீரசின்னுன்னு ஒரு வளையல்காரியும் அவ புருசன் சுருளியும் கூடையும் பசியுமா அங்க வந்தாங்க. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவளுக்கு விரதம், சாப்பிடலை. சுருளி மட்டும் இலையில உக்காந்தான்.

"அண்ணே, குழம்பு ரொம்பப் புளிக்குதே?"

"புளிக்குழம்பு புளிக்காம இனிக்குமா?"

"அண்ணே, நுரை கட்டியிருக்கே?"

"கொதிச்சா நுரைக்கத்தான்யா செய்யும்."

"அண்ணே, ஒரு மாதிரி நாத்தம் வருதே?"

"திங்கிறதுன்னா தின்னு, இல்லைன்னா இலையை மடிச்சிட்டு எந்திரி!"

பசிச்சவன் என்ன செய்வான்? தின்னான். கொஞ்ச தூரம் நடந்திருப்பாங்க, வயித்தைப் புடிச்சிக்கிட்டு வழியோரத்துலயே விழுந்துட்டான். வாந்தியும் பேதியும் ஆளை உருக்குது. வீரசின்னு கடைக்குத் திரும்பி ஓடினா.

"அண்ணே, அவருக்கு உசுரு போகுதுண்ணே, கொஞ்சம் சுடுதண்ணி, ஒரு கை உப்புக் குடுங்கண்ணே."

"என் கடைச் சோத்துலயா சாகுறான்? போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டுப் போவியோ? போடி அங்கிட்டு!"ன்னு கதவைச் சாத்திட்டான்.

அவ வெறுங்கையோட வந்து பாத்தா, சுருளி போயிட்டான்.

அப்புறம் அவ பக்கத்து ஊர் நாட்டாமைகிட்டப் போய் முறையிட்டா. அவர் ஏப்பம் விட்டுக்கிட்டு, "அன்னமுத்து சோறு தங்கமான சோறும்மா, நான் தினமும் சாப்பிடுறேனே!"ன்னாரு. ஏன் சொல்லமாட்டாரு? அவருக்கு வீட்டுக்குள்ள வச்சு ஆவி பறக்கப் போடுவானே அவன்! வீரசின்னு, உள்ளூர்க்காரனுக்கு ஒரு வயிறு, வெளியூர்க்காரனுக்கு ஒரு வயிறான்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு வந்தா.

அப்ப அந்த நாட்டு ராசா தண்டோரா போட்டாரு. ஆத்தங்கரையில சோத்துத் திருவிழா, சமையக்காரங்க எல்லாரும் வந்து பொங்கணும், ராசாவும் சாப்பிடுவாரு, வந்த சனமும் சாப்பிடும், கைப்பக்குவம் உள்ளவனுக்கு அரண்மனை மடப்பள்ளியில சமையல் வேலைன்னு. அன்னமுத்து வண்டி கட்டிக்கிட்டு வந்து எறங்கினான். முன்னால ராசாவுக்குன்னு பளபளன்னு வெங்கலப் பானை, நெய் மணக்குது. பின்னால சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம், வெளியூர்ச் சனத்துக்குன்னு ஒரு கரிப்பானை. அதுல என்ன குழம்புன்னு உனக்கே தெரியும்.

பரிமாற ஆள் பத்தலைன்னு கத்திக்கிட்டு இருந்தான். "நான் வர்றேண்ணே"ன்னு, தண்டோரா கேட்டு வந்திருந்த வீரசின்னு போய் நின்னா. அவனுக்கு அவளை அடையாளம் தெரியலை. வழிப்போக்கர் மூஞ்சிய அவன் என்னைக்கு ஏறிட்டுப் பாத்தான்?

ராசா இலையில உக்காந்தாரு. வீரசின்னு நேரா படுதாவுக்குப் பின்னால போனா, கரிப்பானையைத் தூக்கினா, ராசா இலையில சோத்தை வச்சு குழம்பைக் கவுத்தா. அன்னமுத்து வாயைத் திறந்து தடுக்கலைன்னா, ராசாவுக்குக் கெட்டதைப் போட்டவன்னு அவ தலை தப்பாதுன்னு அவளுக்குத் தெரியும். போனாப் போகட்டும்னு நின்னா.

ராசா பிசைஞ்சாரு.

"ராசா, அதை வாயில வைக்காதீங்க!"ன்னு அன்னமுத்து பாய்ஞ்சு வந்தான்.

"ஏன்யா, இதுவும் நீ பொங்கினதுதானே?"

"ஆமா ராசா... பானை மாறிப்போச்சு ராசா."

"நீ பொங்கினதுன்னா எந்தப் பானையா இருந்தா என்ன?"ன்னு ராசா உருண்டையை எடுத்தாரு.

"வேண்டாம் ராசா, வயித்துக்கு ஆகாது! அது வழிப்போக்கருக்கு வச்சது!"

சொல்லிட்டான். அவன் வாயாலேயே சொல்லிட்டான். பந்தியில இருந்த அத்தனை சனமும் கையை உதறிட்டு எந்திரிச்சிருச்சு.

வீரசின்னு கேட்டா, "உங்க வயித்துக்கு ஆகாதது என் புருசன் வயித்துக்கு ஆகுமா ராசா? இதைத் தின்னுதான் அவர் செத்தாரு. சுடுதண்ணி கேட்டேன், கதவைச் சாத்தினான்."

ராசாவுக்குக் கண்ணு செவந்து போச்சு. "இவனை என்ன செய்யணும், நீயே சொல்லும்மா."

"அடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். அந்தப் பானையை அவன் முன்னால வைங்க."

வச்சாங்க. அழுதான், காலைப் புடிச்சான், ஒருத்தரும் அசையலை. வழிச்சுத் தின்னான். பாயோட பாயாக் கிடந்து செத்துப் பொழைச்சான். அதுக்கப்புறம் அவன் அடுப்பு மூட்டக்கூடாதுன்னு ராசா உத்தரவு. ஊர் ஊராப் போய், கண்டவங்க போட்டதைத் தின்னு திரிஞ்சான். அவ முறையிட்ட கதை தெரிஞ்சதும், ஏப்பம் விட்ட நாட்டாமைக்கும் பதவி போச்சு.

"அந்தக் கடையை நீ எடுத்துக்கம்மா"ன்னாரு ராசா.

"கடையை வச்சு நான் என்ன செய்ய? என் ஆளைத் திருப்பித் தருவீங்களா?"ன்னு கேட்டா.

அதனால தங்கங்களா, பசியோட ஒருத்தர் வந்து உக்காந்தா, ராசாவோ பேர் தெரியாத ஆளோ, நீ எதைத் திம்பியோ அதைத்தான் போடணும். கதை சொன்ன வாய்க்கு வெத்தலை, கேட்ட கண்ணுக்குத் தூக்கம்.